கடலை, மொச்சை, துவரை

ஆனி மாதத்தின் கடைசி முகூர்த்த ஞாயிற்றுக்கிழமை. காலை பதினோரு மணி சுமாருக்கு, மூன்று நாய்க்குட்டிகளைக் கருவடிக்குப்பத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் பின்புறம் கொண்டுபோய் விட்டேன். விட்டவன் நான்தான். யாரும் என்னைப் பிடித்துத் தள்ளவில்லை.

என் பெயர் கமலக்கண்ணன். சாரத்தில் வீடு. லாரி ஆபீசில் இருபத்தாறு வருடமாக புக்கிங் கிளார்க். அடுத்தவர் சரக்கை உடையாமல் கெடாமல் ஊர் சேர்ப்பது என் வேலை என்பதால், குட்டிகளையும் ஒழுங்காகத்தான் எடுத்துப் போனேன். உறுதியான அட்டைப் பெட்டி. பக்கத்துக்கு நான்கு துளை. அடியில் மடித்துப் போட்ட பழைய லுங்கி. மேலே சணல் கயிறு. மொபெட்டில் கால் வைக்கும் இடத்தில் பெட்டியை நிறுத்தி, வேகத்தடை வந்த இடத்திலெல்லாம் காலை ஊன்றி மெதுவாக இறக்கினேன்.

இடத்தையும் யோசித்தே தேர்ந்தெடுத்தேன். மீன் மார்க்கெட் வேண்டாம், அங்கே பெரிய நாய்கள் கடித்துவிடும். ஓட்டல் வாசல் வேண்டாம், சுடுதண்ணீர் ஊற்றுவார்கள். கல்யாண மண்டபம் என்றால் பந்திக்குப் பந்தி இலை விழும். மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளியிருக்கிறது. நிழலுக்கு ஒரு வேப்பமரம். இதற்குமேல் ஒரு மனிதன் என்ன யோசிக்க முடியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

உள்ளே நாதஸ்வரம் ஓய்ந்து பந்தி நடந்துகொண்டிருந்தது. கயிற்றை அவிழ்த்ததும் மொச்சைதான் முதலில் குதித்தது. பிறகு துவரை. கடலை எப்போதும் கடைசி. ரசம் சோறு அப்படியே மிஞ்சிய ஓர் இலையில் மூன்றும் தலையை வைத்தன. மழை வந்தால் ஒதுங்கட்டும் என்று பெட்டியைச் சுவரோரம் சாய்த்து வைத்தேன். நான் கிளம்பியபோது ஒன்றுகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. அதை நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டேன்.

இவற்றின் தாய் பட்டாணி. அதை வீட்டுக்குக் கொண்டுவந்தவள் என் மகள் கவிநிலா. கல்யாணத்துக்கு முந்தின வருடம், வேலை விட்டு வரும் வழியில் சாக்கடையோரம் கிடந்ததைத் துப்பட்டாவில் சுற்றி எடுத்து வந்தாள். கல்யாணமாகி நெல்லித்தோப்புக்குப் போனாள். மாமியார் வீட்டில் நாய் ஆகாது என்பதால் பட்டாணி எங்களோடு தங்கிவிட்டது. போகும்போது காரில் ஏறி உட்கார்ந்துகொண்டு, அழுகைக்கு நடுவில் சொன்னாள்:

“அப்பா, பட்டாணிக்கு ஆபரேஷன் பண்ணிடுங்க. வயசு ஆயிடுச்சி. மறந்துடாதீங்க.”

நான் மறக்கவில்லை. தள்ளிப் போட்டேன். பருவ காலத்தில் மாடிப்படிக்குக் கீழே கட்டிப்போட்டு இரண்டு மூன்று வருடம் சமாளித்தோம். அதற்குள் கவிநிலாவுக்குக் குழந்தை தங்கவில்லை என்ற பேச்சு ஆரம்பமாகிவிட்டது. ஆஸ்பத்திரி, கோயில், மறுபடி ஆஸ்பத்திரி. ஒருநாள் பட்டாணியை டாக்டரிடம் கூட்டிப்போகலாம் என்று சங்கிலியை எடுத்தேன். என் மனைவி பாக்கியலட்சுமி வாசற்படியில் நின்றுகொண்டாள்.

“நம்ம பொண்ணு வயித்துல ஒண்ணு தங்க மாட்டேங்குதுன்னு நான் ஊரு கோயிலெல்லாம் சுத்திக்கினு இருக்கேன். இந்த வூட்டுலேந்து ஒரு வயித்த அறுத்துக் கொண்டாரப் போறீங்களா? சாமி கேக்காதா?”

நான் சங்கிலியை ஆணியில் மாட்டினேன். பாக்கியம் சொன்னதை நம்பினேனா என்று கேட்டால், பாதி நம்பினேன். மீதிப் பாதி, அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, வெயில் அதிகம், போய்வர அரை நாள் ஆகும். அந்தப் பாதியை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

போன வருடம் நான்கு குட்டி போட்டது. மூன்று கடுவன். கேட்டவர்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். மிஞ்சிய ஒரு பெட்டையை மீன் மார்க்கெட் அருகே இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தேன். அதற்குப் பெயர்கூட வைக்கவில்லை. அங்கே பெரிய நாய்கள் கடிக்கும் என்று சற்றுமுன் எழுதினேனே, அது அன்றைக்கு முதுகுக்குப் பின்னால் கேட்ட சத்தத்தில் தெரிந்துகொண்டது.

இந்த வருடம் ஐந்து. இரண்டு கடுவனும் உடனே போயின, மிஞ்சியது மூன்று பெட்டை. தெருவில் ஒவ்வொரு வீடாகக் கேட்டேன்.

“கடுவன் இருந்தா குடுண்ணா. பொட்டையா? ஐயய்யோ, வேணாம். வாசல்ல ஊரு நாயெல்லாம் வந்து நிக்கும்.”

எல்லா வீட்டிலும் இதே பதில்தான். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. என் வாசலிலும்தான் நின்றன.

பார்க்க வந்த கவிநிலா, மூன்று பெட்டைக்கும் பெயர் வைத்தாள். தாய் பட்டாணி என்பதால் பிள்ளைகளும் அந்த வரிசையிலேயே இருக்கட்டும் என்றாள். வெளிறிய நிறத்தது கடலை. சிவப்பாக இருந்தது மொச்சை. நெஞ்சில் வெள்ளைத் திட்டு உள்ளது துவரை. பெயர் வைத்த பிறகு விடுவது கஷ்டம் என்பார்கள். எனக்கு அப்படி ஒன்றும் கஷ்டமாக இல்லை.

மண்டபத்திலிருந்து வீடு திரும்பினேன். பாக்கியம் கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தாள்.

“எங்க வுட்டீங்க?”

“மண்டபத்தாண்ட. சோத்துக்குக் கொறையில்ல.”

“ரோடு?”

“உள்ள தள்ளித்தான் இருக்குது.”

“அப்ப சரி. கவிநிலாகிட்ட சொல்ல வேணாம்.”

சாயங்காலம் கவிநிலாவே போன் செய்தாள். நான் முன்கூட்டியே தயார் செய்து வைத்திருந்ததைச் சொன்னேன். வானூர்ப் பக்கம் ஒரு தோப்புக்காரர், ஆபீசுக்கு வந்துபோகிறவர், மூன்றையும் சேர்த்தே எடுத்துக்கொண்டார்.

“மூணு பொட்டையையுமா? எந்த மகராசன்பா அவரு? ஒரு போட்டோ அனுப்பச் சொல்லுங்க.”

“சொல்றேன்மா.”

“மூணும் சேந்து நிக்கற மாதிரி.”

“சொல்றேன்.”

அந்த வாரம் பட்டாணியைப் பார்க்க மனம் தாங்கவில்லை. பாக்கியம் இட்லி போட்டால் தின்னாது. வாயில் கவ்விக்கொண்டு போய், குட்டிகள் படுத்திருந்த மூலையில் வைத்துவிட்டு, இரண்டடி பின்னால் வந்து நிற்கும். கொஞ்ச நேரம் காத்திருக்கும். பிறகு இட்லியை மூக்கால் இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளும். பாக்கியம் அதைக் கூட்டி அள்ளும்போது, “இன்னும் ரெண்டு நாளு, மறந்துடும்” என்பாள். என்னிடம் சொன்னாளா, நாயிடம் சொன்னாளா, தெரியாது.

ஆடி பிறந்தது. முதல் ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெரு மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றினார்கள். பாக்கியம் மகளுக்காக வேண்டிக்கொண்டு மஞ்சள் புடவை கட்டி, தலையில் கூழ்ப்பானை எடுத்தாள். கவிநிலாவும் வந்திருந்தாள். கொட்டகையில் பெரிய அண்டாவைக் கிண்டிக்கொண்டிருந்தவர் தெய்வசிகாமணி. எங்கள் தெருக்காரர், கல்யாணச் சமையல் மாஸ்டர். நான் சொம்பை நீட்டிக்கொண்டு வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற ஒருவர் அவரைச் சீண்டினார்.

“இன்னா மாஸ்டரே, பாதாம் அல்வா கிண்டற கையி, கேவுரு கூழு கிண்டுது?”

“வேற இன்னா பண்ண சொல்ற? ஆடியில எவன் பொண்ணு குடுப்பான், எவன் எடுப்பான்? மண்டபமெல்லாம் பூட்டிக் கெடக்குது. ஆவணி பொறக்கற வரிக்கும் எனக்கு இந்த அண்டா, ஆத்தாளுக்கு நானு.”

எல்லோரும் சிரித்தார்கள். என் சொம்பில் கூழ் விழுந்தது. சூடு கையில் ஏறியதுகூட உறைக்கவில்லை.

ஆடியில் கல்யாணம் கிடையாது என்பது எனக்குத் தெரியாத விஷயமா? ஆடி வந்துவிடும் என்று பயந்து, என் மகள் கல்யாணத்தையே ஆனி மாதத்தில் அவசரமாக வைத்தவன் நான். ஆடி பிறந்தால் சீர்வரிசைப் பாத்திரம், கட்டில், பீரோ பார்சல் விழாது என்று வருடா வருடம் முதலாளியிடம் எடுத்துச் சொல்பவனும் நானே. ரோடு, நிழல், பெரிய நாய், சுடுதண்ணீர், எல்லாவற்றையும் யோசித்தேன். அந்த மூன்றையும் ஆனியின் கடைசிப் பந்தியில் உட்காரவைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

சொம்பைக் கொட்டகைக் கட்டையோரம் வைத்துவிட்டு மொபெட்டை எடுத்தேன். வண்டி ஓட்டும்போதே கணக்குப் போட்டேன். ஒரு வாரம். பிறந்து நாற்பத்தைந்து நாள் ஆன குட்டி ஒரு வாரம் தாங்குமா?

மண்டபத்து இரும்பு கேட்டில் பூட்டுத் தொங்கியது. பின்பக்கம் எச்சில் இலை போடும் தொட்டி காய்ந்து கிடந்தது. வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு வாட்ச்மேன் உட்கார்ந்திருந்தார். பிறகு தெரிந்தது, பெயர் முருகையன். என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

“இன்னாண்ணா, மண்டபம் பாக்க வந்தியா? ஆவணிக்கு ஏகப்பட்டது புக்கிங் ஆயிடுச்சி.”

“இல்ல, சும்மா… இங்க நாய்க்குட்டிங்க ஏதோ கத்துச்சின்னு…”

“ஓ, அதுங்களா.” அவர் சுவரோரம் கை காட்டினார். என் பெட்டி நின்றிருந்தது. “எவனோ ஒரு பேமானி கொண்டாந்து வுட்டுட்டுப் போயிட்டாண்ணா. பொட்டியப் பாரேன். ஓட்ட போட்டு, துணி விரிச்சி, ஆப்பிள் அனுப்பற மாரி அனுப்பிக்கிறான். மூச்சு வுடணுமாம். அவ்ளோ அக்கற அவனுக்கு.”

நான் பெட்டியின் துளைகளைப் பார்த்தேன்.

“வர வண்டிங்க பின்னால எல்லாம் ஓடுங்க, எவனாவது சோறு எறக்குவான்னு. நான் வூட்டுலேந்து கட்டினு வர சோத்துல பாதி வெப்பேன். எனக்குத்தான் எவ்ளோ வரும்? வியாழக்கெழம அந்தச் செவப்பு, தண்ணி லாரி ரிவர்சு எடுக்கசொல்ல பின்னாடியே போயிடுச்சி. கத்தக்கூட இல்ல. நான்தான் அந்தாண்ட பொதச்சேன்.”

மொச்சை. முதலில் குதித்தது.

“மாருல வெள்ள இருக்கும் பாரு, அது வெள்ளிக்கெழம எங்கியோ போயிடுச்சி. இன்னும் ஒண்ணு பொட்டிக்குள்ள கெடக்குது. ரெண்டு நாளா வாந்தி. போயிடும்னுதான் நெனக்கிறேன்.”

பெட்டிக்குள் எட்டிப் பார்த்தேன். என் லுங்கியின் மேல் கடலை சுருண்டு கிடந்தது. கண் பாதி திறந்திருந்தது. லுங்கியெல்லாம் நனைந்து நாறியது. தூக்கினேன். பார்சல் எடை போட்டுப் பழகிய கை இது. இரண்டு கைக்கும் நடுவில் ஒன்றுமே இல்லாததுபோல் இருந்தது.

“நான் எடுத்துக்கினு போறேன். டாக்டர்கிட்ட காட்றேன்” என்றேன்.

முருகையன் முகம் மாறிவிட்டது. என் முழங்கையைத் தொட்டார். “பாத்தியா, அவனும் மனுசன், நீயும் மனுசன். நீ நல்லா இருக்கணும்ணா. உன் புள்ள, பேரன் பேத்தியெல்லாம் நல்லா இருக்கும்.”

அப்போது சொல்லியிருக்கலாம். அந்த பேமானி நான்தான் என்று மூன்று சொல். சொல்லவில்லை. அந்த வாழ்த்தையும் வாங்கிக்கொண்டு, தலையை ஆட்டிவிட்டு, மொபெட்டைத் திருப்பினேன். குட்டியை விட்டதுகூட ஒரு வாரத்துக்கு முன்பு செய்தது. இது தெரிந்தே, நின்று நிதானமாகச் செய்தது.

ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும் ஒரு கிளினிக்குக்குப் போனேன். டாக்டர் சரிதா, கவிநிலா வயதுதான் இருக்கும். கடலையை மேஜையில் கிடத்தி, தோலை இழுத்துப் பார்த்தார். இழுத்த தோல் இழுத்தபடி நின்றது.

“குட்டிங்களுக்கு வர வைரஸ் மாதிரி தெரியுது. உடம்புல தண்ணியே இல்ல. டிரிப்ஸ் போடறேன், ஆனா நம்பிக்கை குடுக்க மாட்டேன். எங்க கெடைச்சுது?”

“ரோட்டுல.”

“ஆடி வந்தா இதுங்க வரும்” என்றார் அவர், ஊசிக்கு நரம்பு தேடிக்கொண்டே. “கொண்டுபோய் விடறவங்க கெட்டவங்களா இருந்தா பரவாயில்ல சார். எல்லாம் நல்லவங்க. சாமி கும்பிடறவங்க. ஆபரேஷன் பண்ணுங்கன்னா பாவம்பாங்க. குட்டி போட்டா சாக்குல கட்டி, சோறு கெடைக்கற எடமாப் பாத்து விட்டுட்டு வருவாங்க.”

“சாக்குல இல்லம்மா” என்றேன். வாய் தவறித்தான் வந்தது. டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். மறுபடி ஊசிக்குக் குனிந்தார்.

போன் அடித்தது. கவிநிலா.

“எங்கப்பா போயிட்டீங்க? சொம்பு அப்படியே கெடக்குது. அம்மாகிட்ட கேட்டா, மண்டபமெல்லாம் பூட்டிட்டாங்களாமேன்னு அழுவறாங்க. இன்னா ஆச்சு?”

இடத்தைச் சொன்னேன். இருபது நிமிடத்தில் ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். நெற்றியில் கோயில் குங்குமம் கலையாமல் இருந்தது. மேஜையைப் பார்த்தாள்.

“இது கடலைதான?”

“ஆமாம்மா.”

“வானூரு தோப்பு?”

நான் டாக்டர் முன்னாலேயே எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டி, மண்டபம், தண்ணீர் லாரி, காணாமல்போன துவரை. முருகையனிடம் சொல்லாமல் வந்தது வரைக்கும். முடித்ததும் ஒன்றே ஒன்று கேட்டாள்.

“ஏன்பா ஆபரேஷன் பண்ணல? ஒவ்வொரு தடவையும் கேட்டனே. ஒரு தடவ டாக்டர் லீவுன்னீங்க. ஒரு தடவ, ஒரு ஈத்து போட்டாத்தான் ஒடம்புக்கு நல்லதுன்னீங்க.”

“உனக்காகத்தாம்மா. அம்மாவுக்கு மனசு வரல. உனக்கு ஒண்ணும் தங்கல, இந்த நேரத்துல வூட்டுல ஒரு வயித்துல கத்தி வெச்சா…”

அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டேன். தாமதமாக நிறுத்தினேன்.

“என் வயித்துக்காகவா?” குரலை உயர்த்தவில்லை. “நாலு வருசமா தெருவுல, வூட்டுல, ஆஸ்பத்திரியில எல்லாரும் என் வயித்தப் பத்தித்தான் பேசறாங்க. பழகிப்போச்சு. இப்ப லாரியில அடிபட்ட நாய்க்குட்டிக்கும் நான்தான் பதில் சொல்லணுமாப்பா? எனக்குப் புள்ள பொறந்தா இதாலதான்னு நெனப்பீங்களா? இதுங்கள அனுப்பி வெச்சித்தான் அது வந்துச்சின்னு?”

டாக்டர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு எதையோ எழுதினார். எனக்கு எப்படியாவது பேச்சை மாற்றிவிட வேண்டும் போலிருந்தது. “இந்த ஆபரேஷன கவர்மெண்டே கட்டாயமா பண்ணிடணும்மா” என்று டாக்டரிடம் சொன்னேன். “நம்ம இஷ்டத்துக்கு வுட்டா இப்பிடித்தான். ஆனா கட்டாயம்னாலும், நம்ம ஊருல ஹெல்மெட் மாதிரி ஆயிடும், ஒருத்தரும் மதிக்க மாட்டாங்க.”

“ஹெல்மெட் போடலன்னா போடாதவன் மண்டைதான் சார் ஒடையும்” என்றார் டாக்டர். “இதுல உங்களுக்கு என்ன ஒடஞ்சுது? அதனாலதான் கட்டாயம் வேணும்ங்கறேன். நாய் வளக்கறவர் லைசென்ஸ் எடுக்கும்போதே ஆபரேஷன் சர்டிபிகேட் கேக்கணும். டாக்டர் தர காரணம் தவிர வேற காரணம் ஏத்துக்கக் கூடாது. வெயிலு, வேல, சாமி, எதுவும் கூடாது.”

வெயில் என்று அவர் எப்படிச் சொன்னார் என்று தெரியவில்லை. தினமும் கேட்கிற காரணமாக இருக்கும்.

கடலை செவ்வாய்க்கிழமை காலையில் செத்துப்போனது. கவிநிலா வேலைக்குப் போகும் வழியில் கிளினிக்கில் பார்த்துவிட்டு, ஆபீசுக்கு வந்து சொன்னாள். கவுண்ட்டருக்கு வெளியே, பார்சல் போட வந்தவர்களோடு நின்றே சொன்னாள்.

“துவரையைத் தேடுங்கப்பா. உசிரோட இருந்தா அது ஒண்ணுதான். சும்மா நாய்க்குட்டி பாத்தீங்களான்னு கேக்காதீங்க. நான்தான் கொண்டாந்து வுட்டேன், காணோம்னு கேளுங்க.”

“கேக்கறேன்.”

“நானும் கூட வர மாட்டேன். நீங்க போங்க.”

அன்று மாலை வீட்டில் பாக்கியத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். மகள் சொன்னதையும் ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். கேட்டுவிட்டு அவள் பட்டாணியின் முதுகில் கையை வைத்தாள். “டாக்டரு எப்ப வர சொல்றாங்க?” என்று கேட்டாள்.

“பால் வத்தணுமாம். ரெண்டு மூணு வாரம் ஆவட்டும்னாங்க. ஆடி கடைசி ஆயிடும்.”

“ஆடின்னு பாக்காதீங்க. தேதி வாங்கிக்கினு வாங்க. நானே கூட்டிக்கினு வரேன்.”

மறுநாள் காலை ஆபீசுக்கு முன்பாகவே கருவடிக்குப்பம் போனேன். முதலில் முருகையன்.

“அந்தப் பொட்டி என்னுதுண்ணா. நான்தான் வுட்டேன்.”

அவர் டிபன்பாக்ஸைக் கழுவிக்கொண்டிருந்தார். தண்ணீரைச் சுழற்றி ஊற்றிவிட்டு, என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“அப்ப ஞாயித்துக்கெழம வந்து நின்னியே, அது இன்னா, டிராமாவா?”

“ஆமாண்ணா.”

“நல்லா நடிச்ச, போ. குட்டி?”

“செத்துப்போச்சு. இப்ப அந்த மாருல வெள்ள இருக்கறதைத் தேடி வந்திருக்கேன்.”

அவர் டப்பாவை மூடினார். திட்டவில்லை. “வடக்கால போச்சி. டீக்கடயில கேளு” என்று மட்டும் சொல்லிவிட்டு, நாற்காலியை என் பக்கம் முதுகு தெரிகிற மாதிரி திருப்பிப் போட்டுக்கொண்டார்.

டீக்கடையில் சொன்னேன். “நீயே வுட்டுட்டு நீயே தேடறியா? வேலவெட்டி இல்லயா?” என்று சிரித்தார்கள். ரேஷன் கடை வரிசையில் சொன்னேன். ஒரு பெண் தன் பிள்ளையை என்னிடமிருந்து அந்தப் பக்கம் நகர்த்தி நிறுத்தினாள். நான்கு நாள், காலையும் மாலையும், முப்பது இடத்துக்குக் குறையாமல் சொல்லியிருப்பேன். சொல்லச் சொல்லப் பழகிவிடும் என்று எதிர்பார்த்தேன். பழகவில்லை.

சனிக்கிழமை மாலை ஒரு முட்டுச்சந்தில் இஸ்திரி வண்டி ஒன்று நின்றிருந்தது. கரிப்பெட்டியால் துணியை அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்த அம்மாளின் காலடியில், கோணிமேல், நெஞ்சில் வெள்ளைத் திட்டோடு துவரை படுத்திருந்தது. கழுத்தில் கிழித்த புடவைக் கரையைக் கட்டியிருந்தார்கள்.

“துவரை” என்று கூப்பிட்டேன். நிமிர்ந்து பார்த்தது. வண்டிச் சக்கரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது.

“யாரு நீ? எதுக்குக் கூப்புடற?” என்றார் அந்த அம்மாள். பெயர் சின்னப்பொண்ணு என்று பிறகு சொன்னார்.

“அது எங்க வூட்டு நாயோட குட்டிம்மா. நான்தான் மண்டபத்தாண்ட வுட்டேன். தப்பு. எடுத்துக்கினு போலாம்னு வந்தேன்.”

“நல்லா கேட்ட போ! வுட்டவன்கிட்டயே திருப்பிக் குடுப்பாங்களா? நாளைக்கி இன்னொரு மண்டபம் பாப்ப. அது என்கூடத்தான் இருக்கும். போ.”

“சரிம்மா. உங்ககிட்டயே இருக்கட்டும். ஒண்ணே ஒண்ணு. பொட்டைக் குட்டி. மார்கழி வாக்குல ஆபரேஷன் பண்ணிடணும். நான் பாத்துக்கறேன்.”

“ஆபரேஷனா?” இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். “அதெல்லாம் பண்ணா தின்னுட்டுத் தின்னுட்டுத் தூங்குமாமே. கொரைக்கவே கொரைக்காதாம். ஊரான் துணி மூட்டை மூட்டையா கெடக்குது, எனக்குக் காவலுக்குத்தான் வேணும். வேணாம்பா. அது பாட்டுக்கு இருக்கட்டும்.”

“கொரைக்கும்மா. டாக்டரம்மாவே சொன்னாங்க.”

“உனக்கு ஏன் இவ்ளோ அவசரம்? உன் நாய்க்குப் பண்ணியா?”

“இல்ல.”

“அப்புறம்?”

மொபெட்டை ஸ்டாண்டு போட்டேன். நான் யார், எந்த லாரி ஆபீசில் வேலை என்பதோடு, பண்ணாததால் என்ன ஆயிற்று என்றும் சொன்னேன். மீன் மார்க்கெட்டில் விட்ட, பெயர் வைக்காத குட்டியிலிருந்து ஆரம்பித்தேன். மொச்சை லாரிக்குப் பின்னால் போனதைச் சொன்னேன். கடலையின் தோல் இழுத்தபடி நின்றதைச் சொன்னேன். மூலையில் பட்டாணி தள்ளி வைத்த இட்லியைச் சொன்னேன். என் மகள் கேட்ட கேள்வியையும் சொன்னேன். அந்த அம்மாள் இடையில் இரண்டு சட்டை தேய்த்து மடித்து வைத்தார். மூன்றாவதை விரித்தவர் அப்படியே கையை வைத்துக்கொண்டு நின்றார்.

“ஏன்யா” என்றார் கடைசியில், “படிச்சவன் மாரி இருக்கற. இதெல்லாம் முன்னாடியே தெரியாதா உனக்கு?”

“தெரியும்மா.”

சட்டையைத் தேய்த்து முடித்தார்.

“மார்கழின்னியே. நான் வண்டிய வுட்டுட்டு எங்கியும் வர முடியாது. நீயே வந்து கூட்டிக்கினு போவணும். நீயே கொண்டாந்து வுடணும். புண்ணு ஆற வரிக்கும் தெனம் வந்து பாக்கணும். ஒருநாள் வரல, உன் லாரி ஆபீசுக்கு வந்து எல்லார் முன்னாடியும் கேப்பேன். சம்மதமா?”

“சம்மதம்மா.”

“வர வாரம் தடுப்பூசி ஏதோ போடணும்னு பக்கத்து வூட்டு மேஸ்திரி சொன்னாரு. அதுக்கும் நீயே வா.”

“வரேன்.”

கிளம்பும் முன் ஒருமுறை தொட்டுப் பார்க்கலாம் என்று குனிந்து கையை நீட்டினேன். துவரை சக்கரத்தை ஒட்டி இன்னும் உள்ளே நகர்ந்தது. சின்னப்பொண்ணு காலால் கோணியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“அதுவா வரட்டும்” என்றார். “நீ கையை எடு.”

எடுத்தேன்.